ஆறு வயதில் எடுத்த ரத்தம்

சாலோமி அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறும்போதெல்லாம், அவள் கையிலிருக்கும் நீலநிற ஐஸ் பெட்டிக்குள் மீன்தான் இருக்கிறது என்று நடத்துநர்கள் நினைத்துக்கொள்வார்கள். மீன் கூடை ஏற்ற மாட்டோம், இறங்குங்கள் என்பார்கள். அவள் மூடியைத் திறந்து காட்டுவாள். உள்ளே சுண்டுவிரல் நீளக் குழாய்களில், ஊதா மூடி போட்டு, பிள்ளைகளின் ரத்தம் வரிசையாக நிற்கும். அதற்கு மீனே தேவலாம் என்பதுபோல் நடத்துநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

அவள் அப்பா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர். பிளஸ் டூ முடித்ததும் மகளை லேப் டெக்னீசியன் படிக்க வைத்தார். மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கடையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தாள். இரண்டாயிரத்து ஆறில், பாளையங்கோட்டையில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். சின்ன வயதில் உடம்புக்கு நேர்வதெல்லாம் பின்னாளில் இதயத்தை என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து உவரிக் கடற்கரை வரைக்கும், இரண்டு வருஷத்துக்குள் பிறந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிறந்ததும், இரண்டு வயதில், ஆறில், பன்னிரண்டில், பதினெட்டில் அதே பிள்ளைகளைத் தேடிப் போய் எடை, உயரம், பிரஷர் பார்த்து ரத்தம் எடுக்க வேண்டும். தேடிப் போகிற வேலை சாலோமிக்கு.

அதில் அவள் கெட்டிக்காரி. ஊசி குத்துவதற்கு முன் பிள்ளையிடம் அதன் வீட்டு ஆட்டைப் பற்றியோ பூனையைப் பற்றியோ கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் வந்து முடிவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள், எந்தக் குடும்பம் திருப்பூருக்குப் பஞ்சம் பிழைக்கப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

வேலையில் சேர்ந்தபோது அவளே ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் பிரம்மநாயகியிடம் போய், என் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் ரத்தம் எடுக்கக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது, வேறு ஆள்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் கரோலின் பிறந்தாள். அவள் எண் நானூற்றுப் பதினேழு.

சாலோமியின் கணவன் பெனோ மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் நல்ல மாதிரிதான் இருந்தான். கரோலினுக்கு ஒரு வயது நடக்கும்போது வேலை போயிற்று. குடி வந்தது. குடித்துவிட்டு வந்தால் முதலில் சத்தம், பிறகு பாத்திரம், பிறகு அடி. பிள்ளையை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. எல்லாம் பிள்ளைக்கு முன்னால் நடந்தது, அவ்வளவுதான். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டவுடனே கரோலின் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஐந்து வருஷம் இப்படி ஓடியது. காலையில் சாலோமி கன்னத்தில் பவுடரைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ஆறு வயதுப் பிள்ளைகளின் முறை வந்தது. அந்தத் தடவை ரத்தத்தோடு ஒரு கேள்வித்தாளும் உண்டு. மொத்தம் பதினான்கு கேள்விகள். வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறீர்களா, பிள்ளை இரவில் பயந்து விழிக்கிறதா, பெரியவர்கள் சண்டை போடுவதைப் பிள்ளை பார்க்கிறதா, யாராவது யாரையாவது அடிப்பதுண்டா. ஐந்நூற்றுச் சொச்சம் தாய்மாரிடம் சாலோமி இதைக் கேட்டு எழுதினாள். அவளுடைய முறை வந்தபோது, உடன் வேலை பார்த்த பெண் எதிரே உட்கார்ந்து கேட்டாள். மறுநாள் அதே மேஜையில் அவளோடு சேர்ந்து சாப்பிட வேண்டியவள் சாலோமி. கஷ்டம் என்று வரும் கேள்வி எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

அந்த ஆகஸ்டில் பெனோ குடித்திருந்த நிலையில் மகளை பைக்கில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டைப் பக்கம் போய் விழுந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரோலினுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மகள், அப்பாவுக்கு அடிபட்டதா என்று கேட்டாளாம். மறுநாளே அவன் நாசரேத்தில் இருந்த தன் அக்காள் வீட்டுக்குப் போனான். அங்கிருந்தே குடியை விடுவதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டான். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்து, மனைவியிடமும் ஆறு வயது மகளிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான். அதன்பின் இன்றுவரை குடியைத் தொடவில்லை. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் இறங்கி ரோட்டைத் தாண்டும்வரை வண்டியை நகர்த்த மாட்டான் என்று அந்தப் பக்கத்தில் பெயர் வாங்கியிருக்கிறான். சாலோமியும் அந்தப் பழைய வருஷங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதுச் சோதனை செய்தார்கள். ஆறு வயதில் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை எடுத்து, செல்கள் எவ்வளவு மூப்படைந்திருக்கின்றன என்று அளந்தார்கள். இதைத் தாய்மாருக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமாக எழுதித் தரும்படி டாக்டர் பிரம்மநாயகி சாலோமியிடம் கேட்டார். இரண்டு நாள் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு பத்தமடையில், ஆராய்ச்சியில் இருந்த ஒரு பிள்ளையின் தாய் ஆபிதா பீவி வீட்டில் பார்த்த கோரைப் பாய்கள் நினைவுக்கு வந்தன. இப்படி எழுதினாள்: பாயின் ஓரத்தில் துணி வைத்துத் தைக்கிறோம், அந்தத் துணி இருக்கிற வரைக்கும்தான் கோரை பிரியாமல் நிற்கும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற மரபு இழைகளுக்கும் நுனியில் அதுபோல ஒரு கட்டு உண்டு. அதன் பெயர் டெலோமியர். செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வயதானால் எல்லோருக்கும் தேய்வதுதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கிறது.

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. அப்படித் தேய்ந்திருந்த பிள்ளைகளில் பலருக்குப் பதினெட்டு வயதில் பிரஷர் கூடியிருப்பதையும், கழுத்து ரத்தக் குழாயின் சுவர் லேசாகத் தடித்திருப்பதையும் அவர் கண்டிருந்தார். பின்னால் நெஞ்சு நோய் வர வழிவிடும் சங்கதிகள் அவை. எடை குறைந்து பிறந்தவர்கள், பசியில் வளர்ந்தவர்கள், ஓயாத காய்ச்சலில் கிடந்தவர்கள், பயத்தில் வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம். ஆனால் இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. அவர்களுடைய கேள்வித்தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய், எதையாவது விட்டுவிட்டோமா என்று விசாரித்து வரும்படி எண்களை அச்சடித்து சாலோமியிடம் கொடுத்தார். டாக்டரிடம் எண்கள் மட்டும்தான். பெயரும் விலாசமும் சாலோமியின் பதிவேட்டில் இருந்தன.

ஏழாவது வரியில் நானூற்றுப் பதினேழு இருந்தது.

சாலோமி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். உட்கார்ந்து இருபத்திரண்டு விலாசங்களை எடுத்து எழுதினாள். மீதி ஒன்றை எழுதவில்லை.

ஜூன் மாதம் முழுக்க அலைந்தாள். சில வீடுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. சில வீடுகளில், ஆமாம், அப்போது இப்படி ஒன்று இருந்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பத்தமடையில் ஆபிதா பீவியின் வீட்டுக்கு ஒரு மத்தியான வேளையில் போனாள். ஆபிதா பீவியின் மகன் அப்ரார் பட்டியலில் இருந்தான். மேலப்பாளையத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். பதினெட்டு வயதிலேயே அவனுக்குப் பிரஷர் நூற்றைம்பதைத் தொட்டிருந்தது. ஆபிதா பீவி டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாலோமி பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றி அன்றைக்குச் சொன்னது சரிதானா என்று கேட்டாள்.

ஆபிதா பீவி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். "மூணு நேரமும் சோறுன்னு சொன்னேம்லா, அது பொய்யி. எங்க வீட்டுக்காரவ சவுதியில சம்பளம் இல்லாம எட்டு மாசம் கெடந்தாவ. எனக்கு ஒரு நேரம் கஞ்சி. பிள்ளைக்கு ரெண்டு நேரம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, மைனி."

"நீ நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்த. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?" என்றாள் ஆபிதா பீவி. அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. "இப்பச் சொன்னா எம் பிள்ளைக்கு எதும் உதவுமா?"

உதவும் என்று நினைப்பதாக சாலோமி சொன்னாள். அப்ராரை மறுபடி டாக்டரிடம் அழைத்து வரும் நாளைக் குறித்துக் கொடுத்தாள். எழுந்திருக்கும்போது ஆபிதா பீவி சாதாரணமாகக் கேட்டாள். "ஒம் மவளுக்கும் எடுத்தாவல்லா? அவளுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

சாலோமி டீயைக் குடிக்காமலே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் பிரம்மநாயகியின் அறைக்குப் போய்ப் பட்டியலை மேஜைமேல் வைத்தாள். "இதுல ஒரு வீட்டுக்கு மட்டும் நான் போகல டாக்டர். அது என் வீடு" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஃபாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும் இல்லன்னு."

"நடந்தது?"

"பாதிக்கு மேல ஆமா."

வேலை போய்விடும் என்றுதான் சாலோமி நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் திட்டவில்லை. ஐந்நூறு பேரிடம் கேட்ட உங்களுக்கே சொல்ல முடியவில்லை என்றால், நாம் கேட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கிறது என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்னார். வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கரோலினைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

கரோலின் பதினெட்டு முடிந்து கல்லூரியில் முதல் வருஷம் படித்தாள். சத்தமாகச் சிரிப்பாள், சட்டென்று கோபப்படுவாள். காய்ச்சல், தலைவலி என்று படுத்த பெண் அல்ல. பதினெட்டு வயதுச் சோதனைக்கு அவள் முறை இன்னும் வந்திருக்கவில்லை. பிரஷரை மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றிலும் நூற்று நாற்பதைத் தாண்டி இருந்தது. கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். குழாயின் சுவர் அந்த வயதுக்குக் கொஞ்சம் தடிப்பு.

டாக்டர் கரோலினிடம் நேராகவே பேசினார். இது பயப்படும் அளவுக்கு வரவில்லை, இப்போதைக்கு மாத்திரையும் வேண்டாம். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், ராத்திரி ஒழுங்காகத் தூங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். டெலோமியரைப் பார்த்து ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். ஒரு ஆளைக் காட்டி உனக்கு நெஞ்சுவலி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொண்டது உனக்கு நல்லதுதான் என்றார். கரோலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எனக்கு ஏன் இப்படி என்று மட்டும் கேட்டாள். டாக்டர் சாலோமியைப் பார்த்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாலோமி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின்மேல் அவளுக்குக் கோபம் வரும், அதை எப்படித் தணிப்பது என்றுதான் அவள் யோசித்து வைத்திருந்தாள். கோபம் அந்தப் பக்கம் போகவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? பீரோவுக்குப் பின்னால இருந்து பாத்தது நான்தானம்மா" என்றாள் கரோலின். "அப்பா செஞ்சத அப்பா ஒத்துக்கிட்டாவ. எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாவ. நீ அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு எழுதி கையெழுத்துப் போட்டுருக்க."

 வெட்கமாக இருந்தது என்று சாலோமி சொன்னாள். யாருக்கு என்று மகள் கேட்டாள்.  கரோலின் எழுந்து தனியாகப் பேருந்தேறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பெனோ வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சாலோமி பக்கத்தில் போய் நின்றுகொண்டே, சோதனையில் வந்ததையும் தான் பொய்யாக எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள். அவன் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. வேன் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். பிறகு, "அந்தக் காயிதத்த மாத்தி எழுத முடியுமா?" என்றான்.

முடியும், நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள்.

"நீ எழுதாத. நான் வந்து சொல்லுதேன்."

அடுத்த சனிக்கிழமை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். அந்தக் கேள்வித்தாளுக்கு ஒரு தகப்பன் பதில் சொல்வது அதுவே முதல் தடவை. பதினான்கு கேள்வியையும் டாக்டரே வாசித்தார். பெனோ வெறுமனே ஆமாம் என்று சொல்லி நிறுத்தவில்லை. எந்த மாதம், எந்த நாள், எதை எடுத்து எறிந்தான், அப்போது பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன சட்டை போட்டிருந்தாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான். சாலோமி கதவோரமாக நின்று கேட்டாள். குடிபோதையில் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அவனுக்கு எல்லாமே நினைவிருந்தது. அவள் மறந்துபோன சிலதுகூட இருந்தன. அதை அத்தனை நாளும் அவன் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்று தெரிந்தபோது, அவளுக்கு அவன்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.  வீடு திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டே வந்தான்.

கரோலின் பதினோரு நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவளாகவே வந்தாள். பதினெட்டு முடிந்துவிட்டதால் இனி ஆராய்ச்சியில் இருப்பதா விலகுவதா என்று முடிவு செய்வது அவள் உரிமை, தன்னைப் பற்றிய தாள்களைப் படிக்கவும் உரிமை உண்டு. அம்மாவின் பழைய தாளையும் அப்பாவின் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பேனா கேட்டு வாங்கி, புதிய தாளின் அடியில் இரண்டு வரி எழுதினாள். சண்டை முடிந்ததும் அம்மா வந்து பீரோவுக்குப் பின்னாலேயே என்னோடு உட்காருவாள், என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று. பிறகு ஆராய்ச்சியில் தொடர்வதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் அந்தத் தாளை சாலோமியிடம் காட்டியபோது அவளால் இரண்டாவது வரியைப் படித்து முடிக்க முடியவில்லை.

இருபத்துமூன்று வீடுகளில் பதினைந்து வீடுகளின் பதில் மாறியது. சாலோமிக்கு எழுத்துமூலமாக ஒரு எச்சரிக்கை வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பதிவேட்டைத் தொடக் கூடாது என்றார்கள். களத்துக்குப் போகலாம். அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டாள். இப்போது புதிதாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தாய்மாரிடம் எப்படிக் கேட்பது என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவளுக்கு வந்திருக்கிறது. மாமியாரோ கணவனோ பக்கத்தில் இருந்தால் கேட்காதீர்கள், பேனாவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள் என்கிறாள். போன மாதம் உவரியில் அஞ்சலின் என்ற ஒரு இளம் தாய், கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். சாலோமி கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள்.  மூன்றாம் நாள் அஞ்சலின் போனில் கூப்பிட்டாள்.

அப்ரார் மாத்திரை எடுக்கிறான். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. கரோலினுக்கு நவம்பரில் பார்த்தபோது நூற்று முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. கழுத்துக் குழாயை இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், அது என்ன சொல்லும் என்று டாக்டருக்கே தெரியாது. காலையில் வேன் எடுப்பதற்கு முன்னால் பெனோ மகளோடு மைதானத்தில் நடக்கிறான். அவள் வேகத்துக்கு அவனால் ஈடு கொடுக்க முடிவதில்லை. இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது. ஒருநாள் கரோலின் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவனுக்கும் பிரஷர் பார்க்க வைத்தாள். அவனுக்கும் கூடுதல்தான்.

கருவாடு வாங்குவது நின்றுபோயிற்று. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாம்பாரில் உப்பே இல்லை, இதை மனுஷன் தின்பானா என்று கரோலின் தினமும் அம்மாவோடு சண்டை போடுகிறாள். தட்டைத் தள்ளி வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, சோறு ஆறிப்போயிற்றே என்று அதற்கும் குறை சொல்லிக்கொண்டு, இழுத்து வைத்துச் சாப்பிட்டு முடிக்கிறாள்.